ஏழாம் மெஷினின் பெயர்

தையல் ஆலையின் இரண்டாவது மாடியில் ஒரே பெயரில் ஐந்து பெண்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து தலை நிமிரும், ஐந்து ஊசி நிற்கும். அதனால் சூப்பர்வைசர் மெஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். காலர் தைக்கும் அவள் பத்தொன்பது வருஷமாக ஏழு. "ஏழு, அந்தக் கட்டைப் பிரி." "ஏழு, நீ சாப்பிடப் போ."

மகள் பெண்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பித்தாள். "பாப்பாவுக்கு உன் பேரையே வெக்கப் போறேம்மா. நாளைக்குக் காலையில உன் மாப்பிள்ளை போய்ப் பதிஞ்சிடுவாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. "வேற பேரே கிடைக்கலையா? தடுக்கி விழுந்தா அந்தப் பேர் மேலதான் விழணும்."

"போன்ல அர்த்தம் பார்த்தேன். இருட்டுல வழி காட்டுற வெளிச்சமாம். அந்தக் காலத்துல ராணிங்களுக்கு வெச்ச பேராம்."

"எங்க மாடியில அஞ்சு வெளிச்சம் உட்கார்ந்திருக்கு. பட்டப்பகல்லயே ட்யூப்லைட் போட்டுத்தான் தைக்கிறோம்."

மகள் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா, எதுக்கு எனக்கு அந்தப் பேரை வெச்சீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரியில கிளார்க் பேர் கேட்டான். நாங்க ஒண்ணும் யோசிச்சு வெக்கல. வரிசையில எனக்கு முன்னாடி நின்னவர் அவர் பொண்ணுக்கு அதைச் சொன்னார். கேட்க நல்லா இருந்துச்சு, நானும் அதையே சொல்லிட்டேன்."

நாற்பத்தாறு வருஷம் கழித்துச் சொல்கிறார், அதுவும் பஸ் டிக்கெட் வாங்கிய கதை மாதிரி. ராணியாம், வெளிச்சமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேத்திக்காவது யோசித்து ஒரு பெயர் வைக்கச் சொல்லி ராத்திரிச் சாப்பாடு வரை மல்லுக்கு நின்றாள். மகள் பிடித்த பிடியை விடவில்லை.

"நான் யோசிச்சுத்தாம்மா வெக்கிறேன். தாத்தா மாதிரி இல்ல," என்று பேச்சை முடித்துவிட்டாள்.

மறுநாள் மருமகன் பதிந்துவிட்டு வந்தார். எரிச்சல் ஆறாமலே அவள் வேலைக்குப் போனாள். விஷயம் அவளுக்கு முன்பே மாடியேறியிருந்தது. மற்ற நால்வருக்கும் வாயெல்லாம் பல், என்னவோ அவர்களை நினைத்துத்தான் பெயர் வைத்ததுபோல.

சூப்பர்வைசர் அவள் மெஷின் பக்கம் வந்து நின்றார். "என்ன ஏழு, பேத்திக்கும் அதே பேராமே. இனி ஆறு பேரா? கவலைப்படாதே, அவளைச் சின்ன ஏழுன்னு கூப்பிட்டுக்கலாம்."

மாடியே சிரித்தது. சிரித்து முடித்து எல்லோரும் வேலையில் குனிந்தார்கள். அவள் மட்டும் மெஷினை நிறுத்தினாள்.

"என்னை எப்படி வேணா கூப்பிடுங்க சார், கேட்டுப் பழகிடுச்சு. அவளுக்கு நம்பர் போடாதீங்க. அவ அம்மா யோசிச்சு வெச்ச பேர் அவளுக்கு இருக்கு."

சொல்லிவிட்டு அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். பழக்கத்தில் நான்கு தலை நிமிர்ந்தன. அவள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. சூப்பர்வைசரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள்.