வாய்வு என்று நினைத்தது

1

இசக்கிப்பாண்டிக்குப் பெருவிரல் மூட்டு வலித்தது. விடிந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் தேய்த்ததில் விரல் மடங்க மறுத்தது. எண்பத்தாறாம் வருஷச் சாரல். குற்றாலத்தில் பேரருவிப் பக்கம் எண்ணெய் போட்டு உடம்பு தேய்த்துவிடுகிறவர்களுக்குச் சாரல் விழுகிற மாதங்கள்தான் வருஷம்.

(இது மூன்றாவது தொடக்கம். முதல் இரண்டிலும் துப்பாக்கி இருந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டுத்தான் இந்தக் கதையில் இறங்கினேன். “வெளிநாட்டுப் பயணிகளாகப் பார்த்துச் சுடுகிறார்களே, அதை எழுதுங்களேன். எவ்வளவு காலத்துக்குக் கல் உடைப்பையும் மூட்டை தூக்குவதையும் எழுதுவீர்கள்?” என்றார். நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த வெடிச்சத்தம் கல்குவாரியில் திரி பற்றவைத்த சத்தம் ஒன்றுதான்.)

2

அடித்துப்போட்ட பகுதியை அப்படியே தருகிறேன்:

பழைய கோட்டை ஒன்றின் வாசலில் பயணிகள் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துணியால் மூடிய இரண்டு பேர் சுவரோரமாக

இல்லை. அந்தத் துணி என்ன நிறம், அவர்கள் என்ன பாஷையில் கத்தினார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. செத்தவர்களின் எண்ணிக்கையையும் தேசத்தையும் பத்திரிகை தருகிறது. தென்காசி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினால் அது கதை இல்லை, நகல்.

உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். சுட்டார்கள். ஒரு பெண் அங்கேயே விழுந்தாள். அவள் கணவர் பிழைத்தார். அந்தக் கணவர் அடுத்த வருஷம் குற்றாலத்துக்கு வந்தார்.

[எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்கள் வரைபடத்தைப் பார்ப்பீர்கள். நான் முதுகைப் பார்க்கச் சொல்கிறேன். ஏன் குற்றாலத்துக்கு வந்தார் என்றும் கேட்காதீர்கள். நாலைந்து காரணம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் சினிமாவாக இருந்தது. தண்ணீர் விழுகிறது, வந்தார்.]

3

அந்த வெள்ளைக்காரர் பாறையில் குப்புறப் படுத்திருந்தார். முதுகு முழுக்க எண்ணெய் ஊற்றி, வலது பக்கத்தைத் தேய்த்து முடித்து, இடது பக்கத்துக்கு வந்தார் இசக்கிப்பாண்டி. தோள்பட்டைக்குக் கீழே, தண்டுவடத்தை ஒட்டிப் புளியங்கொட்டை கனத்தில் ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. பக்கத்தில் சின்னத் தழும்பும் இருந்தது. தழும்பு இல்லாத முதுகை அவர் பார்த்ததே இல்லை என்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வாய்வு*, என்று முடிவு செய்தார்.

“கெட்டி வாய்வு, தொர. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.”

பெருவிரலால் உருட்டினார். அசைந்தது, கரையவில்லை. விரல் வலி தாங்காமல் முழங்கையைக் கொடுத்து அழுத்தினார். கீழே கிடந்தவரோ, இந்த ஊர் வைத்தியத்தில் வலியும் சேர்த்தி போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் போனது.

பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது முகம் சாம்பலாக இருந்தது.

பக்கத்துப் பாறையில் இன்னொரு உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். “என்னவே, எலும்ப ஒடிச்சிட்டீரா? லண்டனுக்குச் சேதி போயிரும்.”

வெள்ளைக்காரரைக் கூட்டி வந்திருந்த லாட்ஜ் கிளார்க் பால்வண்ணநாதன் குடையோடு ஓடி வந்து, இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டதும் குடையை மடக்கினார். மழை அவர் தலையில் விழுந்தது.

“அது வாய்வு இல்லவே. புல்லட்டுத் துண்டு.”

“என்ன துண்டு?”

“டூர் போன எடத்துல டெர்ரரிஸ்ட்டு சுட்டிருக்கான். இவரு சம்சாரம் அங்கனயே போயிட்டா. இவருக்கு ஒரு துண்டு உள்ள நின்னுபோச்சு. எடுத்தா நடை போயிரும்னு டாக்டரே விட்டுட்டாராம். நீரு அதப் போயி உருட்டியிருக்கீரு.”

“மொதல்ல சொல்ல வேண்டாமா?”

“எந்த பாஷையில சொல்லுவாரு, உம்மகிட்ட?”

வெள்ளைக்காரர் எண்ணெயோடு சட்டையை மாட்டிக்கொண்டு பால்வண்ணநாதனின் தோளைப் பிடித்தபடி நடந்தார். இடது கால் லேசாக இழுத்தது.

வரும்போதும் இழுத்ததா? இசக்கிப்பாண்டி பார்க்கவில்லை. அவர் பார்த்தது முதுகை மட்டும்.

(* மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். தோலுக்கு அடியில் உருண்டையாக ஓடும். உருட்டி மேலே ஏற்றினால் ஏப்பம் வரும், பிடிப்பு விடும். அப்படி ஒன்றே கிடையாது என்கிறார்கள் படித்த டாக்டர்கள். எனக்கு விட்டிருக்கிறது.)

4

அன்றைக்கு அதற்குமேல் இசக்கிப்பாண்டி யாரையும் தொடவில்லை. வரும்போதே வெள்ளைக்காரருக்குக் கால் இழுத்ததா என்று சுடலைக்கண்ணுவிடம் கேட்டார்.

“வெள்ளக்காரன் வந்தா நான் பணப்பையப் பாப்பேன். காலையா பாத்துக்கிட்டு இருப்பேன்?”

“வெளையாடாதீரும். சுட்டவன் கொறையா விட்டுட்டுப் போனத நான் முடிச்சு வச்சிட்டனான்னு மனசு கெடந்து அடிச்சிக்கிடுது.”

சுடலைக்கண்ணு ஒரு பீடியைப் பற்றவைத்து அவரிடம் கொடுத்தார்.

[ஆசிரியருக்கு: நீங்கள் கேட்ட தீவிரவாதி இந்தக் கதைக்குள் வருவது பால்வண்ணநாதன் வாயிலும் இசக்கிப்பாண்டி வாயிலும் மட்டும்தான். சுட்டவன் யாருடைய காலையாவது நினைத்துத் தூக்கம் கெட்டான் என்று என்னால் எழுத முடியவில்லை. கெட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது.]

மறுநாள் காலையில் இசக்கிப்பாண்டி லாட்ஜுக்குப் போனார். “மாடி ஏறும்போது இழுத்தாப்லதான் இருந்துது,” என்றார் பால்வண்ணநாதன். “அது வந்த அன்னைக்கா, நேத்தா… நெஞ்சுல கை வச்சுச் சொல்ல முடியலவே. இப்பத்தான் தென்காசிக்குப் போறாரு. அங்கன திருவனந்தபுரம் பஸ் ஏறணுமாம்.”

5

தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் வெள்ளைக்காரர். உட்கார்ந்திருக்கிற மனுஷனின் நடை யாருக்குத் தெரியும்?

“தொர,” என்றார் இசக்கிப்பாண்டி. “எறங்குங்க. கொஞ்சம் நடந்து காட்டுங்க.”

அவருக்குப் புரியவில்லை. இசக்கிப்பாண்டி இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, ஏறுதீரா இல்லையா?”

“நான் ஏறல. அவர எறங்கச் சொல்லும்.”

“அவருக்கு டிக்கெட் போட்டாச்சுவே.”

வெள்ளைக்காரர் அந்த விரல்களையே பார்த்தார். பிறகு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தார்.

6

இங்கேதான் நிற்கிறேன்.

ஒரு முடிவில், அவர் இறங்கி நேராக நடந்து காட்டுகிறார், இருவரும் கட்டிப்பிடிக்கிற

வேண்டாம். அது இசக்கிப்பாண்டிக்கு நான் கொடுக்கிற இனாம்.

இன்னொரு முடிவில் கால் இழுக்கிறது. ‘அன்றிலிருந்தே இப்படித்தான்’ என்று சைகை காட்டுகிறார். அது உண்மையா, ஏழை மனுஷன் நொந்துபோகக் கூடாதென்று சொன்ன பொய்யா? நல்லவர்கள் இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார்கள். மூன்றாவதில் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார், பஸ் செங்கோட்டை ரோட்டில் திரும்புகிறது.

பஸ்ஸை உங்களிடம் விடுகிறேன். இறக்குவதும் அனுப்புவதும் உங்கள் பாடு. எப்படி முடித்தாலும் ஒன்றை மட்டும் உங்களால் தீர்க்க முடியாது. முதுகு முழுக்க எண்ணெய் ஊற்றியவர் வலது பக்கத்தைத்தான் தேய்த்து முடித்தார். இசக்கிப்பாண்டி அந்த மனுஷருக்குப் பாதி முதுகு பாக்கி.