பீரங்கிக்குப் பின்னால் ஒரு தளம்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. ஹம்பர்க் நூலகமொன்றில், பழைய போர்க்கப்பல்களைப் பற்றிய புத்தகத்தில் அதைப் பார்த்தேன். ஒரு ஜப்பானியக் கப்பல். முன்பாதியில் கனத்த பீரங்கிகள். பின்பாதியில் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு விமானங்களுக்கு ஒரு தளம். வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. இரண்டு ஆசைகளை ஒரே உடலில் சுமக்கத் துணிந்த எதன்மீதும் எனக்கு மதிப்பு உண்டு.

(அதிலிருந்து விமானம் கிளம்பலாம். திரும்பி வந்து அதிலேயே இறங்க முடியாது. இதை எழுதிய பிறகு அரைநாள் சும்மா இருந்தேன்.)

2

முதல் தொடக்கம்: 1969 இலையுதிர்காலத்தில், எல்பே நதியின் மேல் மூடுபனி

வேண்டாம். மூடுபனியில் கப்பல் தெரியாது.

இரண்டாவது: வேதவல்லி சென்னையிலிருந்து ஹம்பர்குக்கு வந்த ஆராய்ச்சி மாணவி. அவளுடைய மாதிரிக் கப்பல் மரத்தாலானது. முன்னால் பீரங்கி, நடுவில் கோபுரம், பின்னால் ஹெலிகாப்டர் தளம். ஹெலிகாப்டர் வந்துவிட்ட காலம். போனது திரும்பி இறங்கலாம். அதை நிரூபிப்பதுதான் ஆய்வு. இன்று பிற்பகல் பேராசிரியர் முன்னிலையில், மாதிரியின் மேல் காற்றை வீசவிட்டுப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் சோதனை. தவறினால் உதவித்தொகை நீளாது. பட்டமில்லாமல் ஊருக்குப் போக வேண்டும்.

தளமெங்கும் கம்பளி நூல்களை ஒட்டியிருக்கிறாள். காற்று சீராகப் போனால் அவை பின்னோக்கிப் படியும்.* காலை ஒத்திகையில் எல்லாம் படிந்தன, கோபுரத்தடியில் இருந்த ஒன்றைத் தவிர. அது முன்னோக்கித் திரும்பித் துடித்தது. அங்கே காற்று சுழல்கிறது. இறங்க வரும் ஹெலிகாப்டரைக் கோபுரத்தின் மேலேயே இழுத்துவிடலாம்.

* இவ்வளவு பெரிய கப்பலை ஒரு நூல் விசாரிக்கிறது. இதற்காகவே கதையைத் தொடர்கிறேன்.

3

உடன் ஆராய்ச்சி செய்யும் சேதுராமனை முதலில் கெட்டவனாக எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்குப் பட்டம் கிடைக்க வேண்டுமென்றுதான் அவன் பேசுகிறான்.

"ஒரு நூல்தானே, பிடுங்கிடுங்க. ப்ரொஃபசர் மூக்குக்கண்ணாடிய மறந்துட்டு வர்ற ஆளு."

"பைலட் மறக்காம வருவாரே, சார்."

"இத யாரு கட்டப் போறா? பேப்பர் கப்பல்."

"அப்ப பேப்பர்லயாவது பத்திரமா இறங்கட்டும்."

4

எனக்கு இந்தக் கப்பல் வெல்ல வேண்டும். ஆகவே ஒரு வரைவில் நானே நூலைப் பிடுங்கினேன். கைதட்டல் கேட்டது, வேதவல்லி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்னொன்றில் பேராசிரியர் அவளுடைய நேர்மையை மெச்சி, மேலும் ஓராண்டு உதவித்தொகை தந்தார். அது கதையல்ல, என் ஆசை.

கடைசி வரைவு இது. பேராசிரியர் வந்துவிட்டார். கண்ணாடியை மறக்கவில்லை. ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார். சேதுராமன் தரையைப் பார்க்கிறான். வேதவல்லி எந்த நூலையும் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அந்த நூலைப் பார்த்தபின் பேராசிரியர் என்ன சொல்வார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சுரங்கத்தின் விசைப்பொத்தான் சுவரில் இருக்கிறது. காற்றை நீங்கள் திறந்துவிடுங்கள்.