பங்கு வாங்கிய ஜெனரேட்டர்

எண்ணூரிலிருந்து படகில்தான் போக முடிகிற வடகோடிக் குப்பத்தில், ஊர் ஜெனரேட்டர் ஓர் ஆடி மாதத்தில் டீசலை விட்டுவிட்டு மீன் குழம்புக்கு மாறியது. அந்த வாரம் சங்கரா மீன் மலிவாக இருந்தது. குப்பத்துக்கு அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கிருந்து கிளம்பும் கம்பிகள் குப்பத்தின் தலைக்கு மேலேயே புளியந்தோப்புக்கும் தண்டையார்பேட்டைக்கும் போகும்; ஒன்றுகூடக் கீழே இறங்கியதில்லை. குப்பத்தாருக்குக் கரண்ட் என்பது கொக்குக் கூட்டம் மாதிரி, மேலே பறந்து போகிற சமாச்சாரம். அதனால் டீசல் கேன்கள் படகேறி வரும், ஜெகதீசன் கைப்பிடியைச் சுழற்றுவான், விளக்கு எரியும்.

கரையில் மீன் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்பது வழக்கம். பங்கு பிரிக்கும் குமாரவேல், ஜெனரேட்டரும் எஞ்சின்தானே என்று அதற்கும் ஒரு கூறு வைத்தார். அதை விற்று டீசல் வாங்குவதாக ஏற்பாடு. குப்பத்துக் கன்னியம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பங்கு வாங்கினவனுக்குச் சமைத்துப் போட ஆளில்லையே என்று இரங்கி, குழம்பு வைத்து, ஆறவைத்து, முள்ளெடுத்து டாங்கில் ஊற்றிவிட்டாள்.

“இன்னாக்கா பண்ணிக்கீற?” என்று ஜெகதீசன் தலையில் கை வைத்தான்.

“ஒழைக்கிறவனுக்குச் சோறு போட்டேன். உனுக்கு இன்னா பேஜாரு?”

ஜெனரேட்டர் ஒரு முறை ஏப்பம் விட்டது. பிறகு முன்னைவிட அமைதியாக ஓடியது. அன்று முதல் குப்பத்து விளக்குகள் மஞ்சள்தூள் நிறத்தில் எரிந்தன. உப்பு கூடினால் டியூப்லைட் கண் சிமிட்டும். மாங்காய் போட்ட நாளில் டிவியில் படம் துல்லியமாக வந்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் படகில் வந்து பார்த்தார், இரண்டு துண்டு மீனோடு சாப்பிட்டார், அடுத்த படகில் போய்விட்டார்.

இரண்டு வருடம் இப்படியே போனது. மூன்றாம் வருடம் பங்குனியில் மீன்பாடு அற்றுப்போனது. வலைகள் காய்ந்து போய் ஈரமாக மட்டும் திரும்பின. கருவாடு போட்டார்கள், ஓடியது, ஆனால் எல்லா ஃபேனிலும் கருவாட்டு வாடை அடித்தது. கருவாடும் தீர்ந்தது. சாம்பார் ஊற்றினார்கள், முருங்கைக்காயை மட்டும் திருப்பித் துப்பிவிட்டு நின்றுவிட்டது. குமாரவேல் கடன் சொல்லி டீசல் வாங்கிவந்து ஊற்றினார். அதை அவர் முகத்திலேயே துப்பியது.

மற்றவர்களுக்குப் புழுக்கம்தான். கன்னியம்மாவுக்கு உயிர்ப் பிரச்சினை. அவள் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஊரில் இருந்த ஒரே ஃபிரிட்ஜ் ரசூல் பீவியின் பெட்டிக்கடையில் இருந்தது. கன்னியம்மாவின் மருந்து அதில், சோடா பாட்டில்களுக்கு நடுவில் இருந்தது. காசிமேட்டு ஐஸ் வருகிற வழியிலேயே தண்ணீரானது. ரசூல் பீவி மருந்தை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்துவிட்டு, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு மாதம் அது. சாயங்காலம் கஞ்சி காய்ச்சினார். வாயருகே கொண்டுபோனவர் எழுந்து, முதல் சொம்பை ஜெனரேட்டரிடம் எடுத்துப் போனார்.

“பீவிம்மா, அதுக்குக் கவிச்சி இல்லாம எறங்காது,” என்றான் ஜெகதீசன்.

“பக்கத்துல ஒண்ணு பட்டினியா கெடக்கச்சொல்லோ எனுக்கு மட்டும் எறங்குமா?”

ஊற்றினார். ஜெனரேட்டர் விடிய விடிய ஓடியது; மருந்து பானையிலிருந்து ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது. விடியலில் நின்றது. ஜெகதீசன் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் வலி கண்டான். கஞ்சி காட்டினான், கெஞ்சினான். ரசூல் பீவி வந்து அதன் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, “வுட்ரு நைனா. அது நோம்பு வச்சிக்கினு கீது,” என்றார். அன்று மாலை அவர் செல்போனில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் அது தானாகவே கிளம்பியது.

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆனால் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சாயங்காலம் வரை குளிர்ச்சியைக் காத்துக்கொள்ளும். ஆகவே அந்த மாதம் பகலில் யாரும் அதைத் தொடவில்லை. பங்குனி வெயிலில் கடலிலிருந்து வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் நிற்கும் சோடாவைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டு, பானைத் தண்ணீர் குடித்துப் போனார்கள். ஒருநாள் குமாரவேலின் கை கதவுவரை நீண்டது. “மாமு, உள்ள கன்னிம்மா கீறா,” என்றான் ஜெகதீசன். கை திரும்பி வந்தது. ஒரு சோடாவைக் குடிக்காமல் விடுவதும் தருமம்தான். ஆண்டவன் அதையும் எண்ணிக்கொள்வான் என்றே தோன்றுகிறது. கன்னியம்மாவின் மருந்து கெடவில்லை. பெருநாளன்று மீன் வந்தது, ஜெனரேட்டர் குழம்புக்குத் திரும்பியது.

போன வருடம் ஒருவழியாகக் குப்பத்துக்கு மின்கம்பம் நட்டார்கள். கம்பியை இழுத்துக் கட்டிய அதிகாரியிடம் கன்னியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இது இன்னா சாப்புடும் சார்?”

ஒன்றும் சாப்பிடாது என்றார் அவர். “பாவம்,” என்றாள். அன்றிலிருந்து கம்பத்தடியில் தினமும் ஒரு கிண்ணம் குழம்பு வைக்கிறாள். ஊரெல்லாம் கரண்ட் போகும் நாளிலும் வடகோடிக் குப்பத்தில் போவதில்லை. கிண்ணம் காலியாகிவிடுகிறது, குப்பத்தில் பூனையோ காக்கையோ அதன் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் ரசூல் பீவியின் கஞ்சி அதில் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும்.