ஆறு அங்குல மழைக்குப் பச்சை

லோஜனுக்கும் சுலக்ஷனாவுக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லோஜன் பெரிய கிளாக்கரின் மகன். தோட்ட ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. சுலக்ஷனா, தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருக்கிற அஞ்சாம் நம்பர் லயத்துப் பேச்சியம்மாவின் மகள். ஹட்டனில் படித்துவிட்டு, லயத்து அறையில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறாள். லயத்து ஆட்கள் எல்லாரும் அவனை மரியாதையாக 'சேர்' என்பார்கள். இவள் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பாதிப் பகை அதிலேயே வந்துவிட்டது.

மீதிப் பகை மழையால் வந்தது.

அஞ்சாம் நம்பர் லயத்தின் முதுகில் ஒரு மண்மேடு நிற்கிறது. எவ்வளவு மழை பெய்தால் அது சரியும் என்று கணிக்க லோஜன் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான், அதை இல்லையென்று சொன்னால் பாவம். அதற்குள்ளே மூன்று ஃபங்ஷன்கள். ஃபங்ஷன் என்றதும் பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு பதிலைத் திருப்பித் தருகிற சின்னக் கணக்குத் துண்டு, அவ்வளவுதான். ஒன்று நாள் மழையைக் கூட்டும். ஒன்று மேட்டின் சரிவைச் சேர்த்துப் பார்க்கும். மற்றது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முடிவு சொல்லும்.

முடிவு தெரிவது ஆபீஸ் ஸ்கிரீனில் மட்டும். போன வருஷம் ஒரு சனிக்கிழமை பொழுது சாய ஸ்கிரீனில் சிவப்பு வந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை கண்டிக்குப் போயிருந்தார். அவர் உத்தரவில்லாமல் லயத்துக்குச் சொல்லக்கூடாது என்று லோஜன் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் மேடு இறங்கி, லயத்து ராசம்மா சமைக்கிற குசினியைக் கொண்டுபோனது. உயிர் போகவில்லை. ஆனால் சிவப்பு வந்திருந்த கதை வெளியே கசிந்தபோது லயமே திரண்டுபோய் ஆபீஸ் வாசலில் நின்றது. "எல்லாரும் போன்ல பாக்குற மாதிரி செய்யணும். நானே செஞ்சு தர்றேன்" என்றாள் சுலக்ஷனா. தொரை லோஜனைக் கூப்பிட்டு, இருப்பதைக் கொடு என்றார்.

"என் புரோகிராம லயத்துப் பொண்ணு தொடணுமா?"

"ஒங்க புரோகிராமத் தொட மாட்டேன், லோஜன். அது இருந்தபடியே இருக்கட்டும். நான் ஒரு ஜன்னல் மட்டும் போடுறேன்."

"என்ன ஜன்னல்?"

"இத்தன வருசமா எங்காளுக ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னுதானே எதையும் கேக்குறாங்க? இனி போன்ல இருந்து கேப்பாங்க. யாரையும் சேர்னு கூப்புடத் தேவையில்ல."

அவன் புரோகிராம் இருந்த பென் டிரைவை மேசையில் எறிந்தான். அது உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

அந்த ஜன்னலைத்தான் ஏபிஐ என்கிறார்கள். நாலு நாளில் முடித்தாள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இணையத்தில் ஒரு முகவரி. வெளியிலிருந்து எண் வந்தால் அதை அப்படியே ஃபங்ஷனிடம் நீட்ட வேண்டும், அது சொல்லும் பதிலை அப்படியே வெளியே அனுப்ப வேண்டும். லோஜனின் வரிகளில் ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை. பத்து, எண்பது, நூற்றறுபது என்று கொடுத்துப் பார்த்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒழுங்காக வந்தது.

மழை அளப்பவர் ஃபேக்டரி வாச்சர் ஆண்டியப்பன். முன்பெல்லாம் அளவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி லோஜனுக்கு அனுப்புவார். இப்போது காகிதமும் அனுப்பினார், போனிலும் போட்டார். லோஜன் தன் பழைய ஸ்கிரீனை விடவில்லை. அந்தப் பிள்ளையின் ஜன்னலை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. விடியலில் பிடித்த மழை, கொழுந்தெடுக்கப் போன பெண்களைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மூன்று மணிக்கு, குடை பின்பக்கமாக மடிந்துபோக, லோஜன் அஞ்சாம் நம்பர் லயத்துக்கு ஓடி வந்தான்.

"எல்லாரும் எறங்குங்க. ஸ்கூலுக்குப் போங்க. செவப்பு காட்டுது."

ராசம்மா வாசலை விட்டு அசையவில்லை. "போன வருசம் வாயத் தொறக்கல. இன்னைக்கு என்ன சேர், நனைஞ்சுகிட்டு வர்றீங்க?"

பக்கத்து அறை நல்லமுத்து தன் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "நல்லாப் பாருங்க. பச்சை. எங்க புள்ள செஞ்சது ஓடுறது ஒங்களுக்குப் பொறுக்கல."

நாலைந்து வாசல்களில் சிரிப்புக் கேட்டது. சுலக்ஷனா வெளியே வந்தாள்.

"எங்களச் சும்மா அலையவிட்டுட்டு, நான் செஞ்சது பொய்னு தொரைகிட்டச் சொல்லணும். அதானே?"

"சொல்ல ஆசதான். மொதல்ல எறங்கு."

"என்ன நம்பர் போட்டீங்க?"

"நூத்தி அம்பத்தஞ்சு மில்லிமீட்டர்."

அவள் தன் போனில் பார்த்தாள். ஆண்டியப்பன் அனுப்பியது ஆறு தசம் பத்து, அதாவது 6.10.

"இங்க வெறும் ஆறுதான் இருக்கு."

"ஆறு இஞ்சு. மழை அளக்க வந்த நாள்ல இருந்து அவரு இஞ்சுலதான் எழுதுறாரு. தோட்டம் பூரா அப்படித்தான். ஸ்கிரீன் அத மில்லிமீட்டரா மாத்தித்தான் ஃபங்ஷனுக்குள்ள விடும்."

"மாத்துற எடம் நீங்க குடுத்ததுல இல்லையே."

"அது வேற ஃபைல்."

"ஏன் குடுக்கல?"

லோஜன் குடையை நிமிர்த்தப் பார்த்தான். அது நிமிரவில்லை. "நீ ஆபீசுக்கு வந்து, சேர், இது என்னன்னு கேப்பேன்னு இருந்தேன்."

ஆறு அங்குல மழையை ஆறு மில்லிமீட்டர் தூறலாக எடுத்துக்கொண்டு அவளுடைய ஜன்னல் காலையிலிருந்து பச்சை சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. லயத்துப் பக்கம் திரும்பினாள்.

"என் போன் சொன்னது பொய். அங்குலத்த மாத்தாம விட்டது என் தப்பு. எறங்குங்க."

இப்போது சண்டை அவள்மேல் திரும்பியது. "ரெண்டு பேருமாச் சேந்து எங்களுக்கு வெளயாட்டுக் காட்டுறீங்களா?" என்றாள் ராசம்மா. "படிச்ச திமிரு" என்றான் நல்லமுத்து. சுலக்ஷனா தாய் பேச்சியம்மாவின் கையில் லேப்டாப் பையைக் கொடுத்து முதலில் அனுப்பினாள். பிறகு ஒவ்வொரு வாசலாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். நடக்கமாட்டாத காளியாயியை லோஜன் முதுகில் தூக்கினான். "கிளாக்கர் மகன் என்னத் தொட்டுட்டான்" என்று கிழவி ஸ்கூல் வரைக்கும் அவன் மண்டையில் குட்டிக்கொண்டே போனாள்.

ஐந்து மணிக்கு மேடு இறங்கியது. லயத்தின் கடைசி மூன்று அறைகள் இருந்த இடம் தெரியவில்லை. அதில் ஒன்று ராசம்மாவுடையது. பன்னிரண்டு குடும்பமும் ஸ்கூலில் இருந்ததால் ஆளுக்குச் சேதமில்லை.

ஒருவரும் நன்றி சொல்லவில்லை. சுலக்ஷனா சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த ஃபைல்."

"ஆபீஸ்ல இருக்கு."

"போயி எடுத்துட்டு வாங்க."

எல்லார் கண்ணும் அவன்மேல் இருந்தது. அவன் மழையில் இறங்கினான். அரை மணியில், பென் டிரைவைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். இந்தமுறை எறியவில்லை. அவள் அதைச் சேர்த்தாள். அங்குலமா மில்லிமீட்டரா என்று சொல்லாமல் வரும் எண்ணுக்குப் பதில் தராதபடி ஜன்னலை மாற்றினாள். எந்த எண்ணுக்கு அந்த நிறம் என்பதும் பதிலோடு சேர்ந்து வரும்படி வைத்தாள். ஃபேக்டரிக்குப் போன் போட்டு, அளவை மறுபடி அனுப்பச் சொன்னாள்.

"இஞ்சுன்னு வேற போடணுமா?" ஆண்டியப்பன் எரிந்து விழுந்தார். "மழைக்கு வேற என்னம்மா அளவு இருக்கு?"

போட்டார். வகுப்பறை முழுக்க ஒவ்வொரு போனிலும் சிவப்பு வந்தது.

ராசம்மா கிட்ட வந்து பார்த்தாள். "இனி இது பச்சைன்னா நம்பலாமா?"

"நம்பலாம் அத்தை. எத்தன இஞ்சுக்குப் பச்சைன்னும் கீழயே இருக்கும். நீங்களே பாத்துக்கலாம்."

"பாத்து? பச்சை வந்ததும் நான் எந்த வீட்டுக்குப் போக?"

அவள் சுலக்ஷனாவைப் பார்த்தாள், கதவோரம் நின்ற லோஜனையும் பார்த்தாள். பிறகு ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிய வெளியே போனாள்.