ஒரு வாய் காப்பி

மூன்றாவது மாடி வார்டில் அவளுக்கு ‘முழுங்கம்மா’ என்று பெயர். பேச்சுப் பயிற்சியாளர் என்ற பதவியெல்லாம் கழுத்தில் தொங்கிய அட்டையோடு சரி. பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் அறுவை செய்துகொண்டவர்கள், குரல் கம்மிப்போனவர்கள் என்று யாரிடம் போனாலும் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, “முழுங்குங்க... எங்க, இன்னொரு தடவை” என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு.

ஆறாம் கட்டிலுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்று இரண்டே மாதத்தில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

முழுங்கம்மா அவருக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அவள் விரலுக்கடியில் குரல்வளை துள்ளி எழ வேண்டும். அது அரைமனதாக அசைந்து நின்றுவிட்டது. “ஆ சொல்லுங்க” என்றாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் களகளவென்று சத்தம் வந்தது. ஆனால் தண்ணீர் தடம் மாறிப் போனால் வர வேண்டிய இருமல் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எக்ஸ்ரே அறையில் வெள்ளை மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்துப் பார்த்தபோது, பாதி மூச்சுக்குழலுக்குள் போவது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று முழுங்கம்மாவே அட்டையில் எழுதித் தலைமாட்டில் மாட்டினாள்.

“டீசல் நேரா டாங்குக்கே போகுது,” என்றார் ஓட்டுநர், குழறிக் குழறி. “வண்டிக்கு எதுக்கு ருசி?”

முழுங்கம்மா சிரித்துவிட்டாள். அவர் மனைவி சிரிக்கவில்லை.

“ஒரு வாய் தண்ணி கூடவா கூடாது, டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லம்மா. ஒரு வாய் கூட வேணாம். நுரையீரலுக்குள்ள போயிடும். நிமோனியா வந்தா இந்த உடம்பு தாங்காது.”

தினமும் இரண்டு வேளை பயிற்சி. நாக்கை அண்ணத்தில் அழுத்தச் சொல்வாள், மூச்சை அடக்கிக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொல்வாள். இருபது தடவையில் மூன்று தேறினால் பெரிது. மனைவி கட்டிலை விட்டு நகரமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டப்பாவைப் பைக்குள் மறைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் முழுங்கம்மா அங்கே அவளைப் பார்த்தபோது, டப்பா மூடி திறக்காமலே மடியில் இருந்தது.

“முப்பது வருஷமா அவர் எந்தெந்த ரோட்டோரமோ சாப்பிட்டாரு. நான் வீட்ல தனியா சாப்பிட்டேன். ‘வேலை முடியட்டும், அப்புறம் மூணு வேளையும் உன் எதிர்லதான்’னு சொல்லுவாரு. ரெண்டு மாசம் உக்காந்தோம். எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான் போல.”

மூன்றாம் வாரம் பயிற்சி கொஞ்சம் கைகூடி வந்தது. இருபதுக்கு எட்டு தேறியது. மறுநாள் காலை முழுங்கம்மா உற்சாகமாக வந்து “ஆ சொல்லுங்க” என்றாள். பழையபடி களகளவென்றது. தலையணைக்கடியில் துண்டு ஒன்று, பழுப்புக் கறையோடு. காப்பி வாசனை. மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முழுங்கம்மாவுக்குப் பயமே கோபமாக வெடித்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள்.

“அவரைக் கொல்லணும்னே கொடுத்தீங்களா?”

அந்த அம்மாள் துண்டை எடுத்து நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மாலை காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் மருந்து ஏற்றியும் இறங்கவில்லை. ஆறாம் நாள் மருத்துவர், ஓட்டுநரின் மனைவியையும் ஊரிலிருந்து வந்த மகனையும் தனியாக உட்காரவைத்து, இனி ஊசி, குழாய் என்று அவரைப் பாடுபடுத்த வேண்டாம், இருக்கிறவரை நிம்மதியாக இருக்கட்டும் என்றார்.

“நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு,” என்றாள் மனைவி, முழுங்கம்மாவைப் பார்த்து.

“நான் அப்படிக் கேட்டது தப்பும்மா. அவருக்கு எச்சிலே தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டுத்தான் இருந்துச்சு. காப்பியாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“காப்பியால இல்லைன்னு சொல்ல முடியுமா?”

முடியாது.

குழாயை எடுத்தபிறகு முழுங்கம்மாவே அட்டையைக் கழற்றினாள். கட்டிலை நிமிர்த்தி, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி, அரைக் கரண்டி மட்டும் கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். “இப்ப அவர் ஆசைக்குக் கொடுக்கலாம். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

“என் கையால வேணாம்.” அந்த அம்மாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

முழுங்கம்மா கரண்டியை நீட்டினாள். ஓட்டுநர் வாயைத் திறக்கவில்லை. “அவ...” என்றார். அந்த அம்மாள் வரத்தான் வேண்டியிருந்தது. அரைக் கரண்டி காப்பி கொடுத்தாள். அவர் உதட்டை நக்கிக்கொண்டார். அப்புறம் இருமினார். இத்தனை நாள் முழுங்கம்மா காத்துக் கிடந்த, நல்ல உறுதியான இருமல். அது தொண்டை விழித்துக்கொண்டதற்கு அடையாளம் என்று அவள் சொல்வதற்குள், அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் முழுங்கம்மாதான் கொடுத்தாள். அவரும் அடம்பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் முற்பகல் அவர் போய்ச் சேர்ந்தார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் முழுங்கம்மாவின் அறைக்கு வந்தாள்.

“அன்னைக்குத் திருட்டுத்தனமா கொடுத்தேனே, ஒரு வாய் குடிச்சிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? ‘சக்கரை பத்தலை’ன்னாரு.” சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா,” என்றாள் முழுங்கம்மா.

“உங்க மேல கோவமில்ல. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ‘கொல்லணும்னே’ன்னு கேட்டீங்களே, அந்த வார்த்தை என்னை விட்டுப் போக மாட்டேங்குதே. அதைக் கொண்டுபோய் நான் எங்க வைக்கிறது?”

லிஃப்ட் வந்துவிட்டதென்று மகன் கூப்பிட்டான். அந்த அம்மாள் முழுங்கம்மாவின் கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். முழுங்கம்மா கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த நோயாளி வந்து தட்டும்வரை அழுதாள்.