மறந்துவிட்டுப் போன துணிகள்

அந்த அம்மா போர்வையில் கை வைத்ததைப் பார்த்ததும் நான் வள்ளென்று விழத்தான் போனேன். தொடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். சீசனுக்குக் குற்றாலம் வந்தவர்கள் தலை நிறைய எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக மண்டபத்துக்குள் நுழைந்து, அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். மூன்று நாளாக இதே பாடு. சாயங்காலம் நான்கு மணிக்குக் கூரியர் வண்டி வந்துவிடும். அதற்குள் எண்ணெய்க் கறை பட்டுத் தொலைத்தால் டென்மார்க்கில் இருக்கிற இங்கருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இங்கரை நான் நேரில் பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து கையால் செய்து விற்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. ஜப்பானில் ஒருத்தி கூடை முடைகிறாள், மெக்சிகோவில் ஒருவர் மண்ணில் கோப்பை செய்கிறார். ஞாயிறுதோறும் அவரவர் செய்ததைப் படம் எடுத்துப் போடுவோம். தென்காசியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ஜெயசித்ராவாகிய நான் நான்கு வருஷத்துக்கு முன்னால் அதற்குள் போனேன். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போகிற துணிகளை, அங்கே துப்புரவு வேலை பார்க்கும் இசக்கிமணி சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தருவார். மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பேன். இந்த வருஷம் அதே குழுவிலிருக்கும் இங்கர் தன் ஊரில் நடத்தும் கண்காட்சியில் வாசலுக்கு நேரே தொங்கப்போவது என் போர்வை. அனுப்பும் முன் நம் ஊர்க்காரர்களும் பார்க்கட்டுமே என்று மூன்று நாளைக்கு இந்த மண்டபத்தில் தொங்கவிட்டேன். கொழுப்பு, வேறென்ன.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் அங்கே இங்கே அலையவில்லை, நடுவிலிருந்த நீலக் கட்டத்திலேயே நின்றது. இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு உள்ள துண்டு அது. தழும்பைச் சுற்றி மஞ்சள் நூலால் இதழ் இதழாகத் தைத்து, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி ஆக்கியிருந்தேன். படம் போட்ட அன்றைக்கு அறுநூறு பேர் இதயம் போட்டார்கள். அந்த இதயங்களை நான் இரண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன்.

"அட்டையில என்னம்மா எழுதியிருக்கு? கண்ணாடிய ரூம்ல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

வேண்டாவெறுப்பாக வாசித்தேன். "குற்றால அருவியில் மறந்துவிட்டுப் போன துணிகள்."

"மறந்துட்டுப் போகல" என்றார். குரல் ஏறவே இல்லை. "நான் மறக்கலம்மா. விட்டுட்டுப் போனேன். வீட்டுக்காரரு தவறிப் பதினாறாம் நாளு, வாசுதேவநல்லூர்ல இருந்து வேன் பிடிச்சு வந்து, அவிய சட்டைய ஆத்துல விட்டோம். இது அந்தச் சட்டை."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த அம்மா உட்காரவில்லை, நான்தான் உட்கார்ந்தேன். எழுந்து மூலைக்குப் போய் இசக்கிமணிக்குப் போன் போட்டு, இதெல்லாம் செத்தவர்கள் துணியா என்று கேட்டேன்.

"ஆமாக்கா" என்றார் இசக்கிமணி, சர்வ சாதாரணமாக. "அருவியில கிடக்கதெல்லாம் கிழிஞ்ச துண்டு, ஜட்டி. அது உங்களுக்கு எதுக்கு? நல்ல துணியெல்லாம் காரியம் பண்ணுத ஆத்துப் படித்துறையிலதான் கிடைக்கும். உங்களுக்குத் தெரியும்னுல்லா நினச்சேன்."

தெரியாதா எனக்கு? நான்கு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? இஸ்திரி போட்ட சட்டையை எவன் அருவியில் மறந்துவிட்டுப் போவான்? போர்வையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கட்டம். காக்கி, சுங்குடிச் சேலை, ஒரு பள்ளிக்கூடப் பாவாடை. கீழ் ஓரத்தில் மஞ்சள் கவுன், இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்த அளவு. அந்தத் துண்டைத்தான் நான் ஆசை ஆசையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். "அக்கா, பிரிச்சுத் தந்துடுதேன். தையல்தான், அஞ்சு நிமிசம்."

"தந்து?"

"வீட்டுக்குக் கொண்டு போங்க."

"ஆத்துல விட்டத வீட்டுக்குக் கொண்டு போவாகளா?" சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "வைங்க அத."

கத்தரிக்கோலை வைத்தேன். அந்த அம்மா தழும்பின் விளிம்பை நகத்தால் வருடிக்கொண்டே பேசினார். மாடத்தி என்று பேர். வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். "ஒரு நாளு அவியள ஏசிக்கிட்டே தேச்சனா, பெட்டிய எடுக்க மறந்துட்டேன். நான் மறந்தது அது ஒண்ணுதான். அந்த மனுசன் சும்மா இருக்கக்கூடாதா? வேணும்னே அதையே மாட்டிக்கிட்டுப் புளியறை செக்போஸ்ட் வரைக்கும் போயி, டீக்கடை டீக்கடையா முதுகக் காட்டிட்டு வந்தாவ. எம் பொண்டாட்டி கைவேலையப் பாருங்கன்னு."

சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார். "இது எங்க போவுது?"

"வெளிநாட்டுக்கு. கண்காட்சிக்கு."

"கூட்டம் வருமா?"

"வரும்."

"பாத்தீயளா" என்றார், என்னிடம் இல்லை, நீலக் கட்டத்திடம்.

வாசலில் கூரியர் வண்டி வந்து நின்றது. நான் அட்டையைக் கிழித்தெடுத்தேன். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? இங்கர் அந்தப் பெயரைத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். அனுப்பட்டுமா, வேண்டாமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் மாடத்தியக்கா போர்வையின் இரண்டு மூலைகளைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டார். ஒற்றை ஆளால் மடிக்க முடியாத போர்வை. நான் மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்தேன். நீளவாக்கில் மடித்தோம், இழுத்து உதறினோம், எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்ந்தோம். மூன்றாவது மடிப்பில் நீலக் கட்டம் உள்ளே போயிற்று. அவர் அதைப் பிரித்து, மாற்றி மடித்து, மேலே வரவைத்தார். உள்ளங்கையால் ஒரு தடவை நீவினார், இஸ்திரி போடுகிற மாதிரி.

"இந்தச் சட்டைக்கு நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார். "மத்தவங்க துணிக்கு நான் சொல்ல முடியாது."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மாடத்தியக்கா தன் பக்கத்து மூலைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார். முழுப் போர்வையும் என் இரண்டு கையில் இருந்தது. மேலே நீலக் கட்டம். அடியில், என் உள்ளங்கைக்கு நேராக, மஞ்சள் கவுன்.