நடு ஏரியில் நின்ற வண்டி

நாத்தனார் சைகாலுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும், எங்கள் வீட்டுத் தொட்டிலை எடுத்துக்கொண்டு நானும் கொழுந்தன் எர்கேஷும் ஏரியின் அக்கரைக்குக் கிளம்பினோம். ஏரி இறுகி உறைந்திருந்தது. அந்தக் குளிரில் லாரியே அதன் மேல் போய்வரும். எங்களுடையது பக்கவண்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிள். தொட்டிலைப் பக்கவண்டியில் வைத்துக் கட்டிவிட்டு நான் எர்கேஷின் பின்னால் உட்கார்ந்தேன்.

நடு ஏரியில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

"என்ன அண்ணி, உங்க கனம் தாங்கலையா வண்டிக்கு?"

"உன் வாய் தாங்காமத்தான் நின்னுபோச்சு. உதைச்சுப் பாரு."

மூச்சு வாங்கும்வரை உதைத்தான். பலனில்லை. சாவியைத் திருப்பினால் எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. ஹாரனும் ஊமையாகிவிட்டது.

"பெட்ரோல் இருக்கு. கரண்டுதான் எங்கயோ நின்னுபோச்சு" என்றான்.

ஃபியூஸைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் அவன் அசைத்துப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தன. பேட்டரியிலிருந்து வண்டிச் சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயர்தான் பாக்கி. அதன் போல்ட் சட்டத்துக்கு அடியில் இருந்தது. அவன் கை நுழையவில்லை என்பதால் நான் குப்புறப் படுத்தேன்.

அங்கே காற்று பனித்தூளைத் துடைத்து வைத்திருந்தது. முகத்துக்குக் கீழே கண்ணாடி போலக் கறுத்த பனிக்கட்டி. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் காற்றுக் குமிழ்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கண்ணுக்கு எட்டாத ஆழம்வரை உறைந்து நின்றன. இத்தனை வருஷம் இதன் மேல் போய் வந்திருக்கிறேன். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அப்போது ஒரு சத்தம் வந்தது. மலைப்பக்கமாக எங்கோ ஆரம்பித்து, இழுத்துக்கட்டிய பெரிய கம்பியைச் சுண்டிவிட்டதுபோல் நீண்டு, என் விலா எலும்புக்குக் கீழாகவே ஓடி, அக்கரையில் போய் அடங்கியது. எனக்கும் சக்கரத்துக்கும் நடுவே முடியளவு வெள்ளை விரிசல் ஒன்று சரேலென்று ஓடியது.

"எர்கேஷ்!"

"ஒண்ணுமில்ல அண்ணி. குளிர் ஏற ஏற கட்டி இறுகுது, அதான் கத்துது. கனம் ஒரு கை நீளத்துக்குக் குறையாது, தாங்கும்." கேலி செய்யப் போகிறான் என்று நினைத்தேன். அவனோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தபடி நின்றான். "வண்டி சத்தத்துல இது நமக்குக் கேட்டதே இல்லல்ல?" என்றான் மெல்ல.

விரல் மரத்துப்போவதற்குள் ஒயரைத் தடவினேன். வெளியே நன்றாகத்தான் இருந்தது. மடக்கினேன், ஓரிடத்தில் துவண்டு விழுந்தது. உறைக்குள்ளே கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது. எர்கேஷ் கத்தியால் அந்த இடத்தை வெட்டி, உறையைச் சீவி, நல்ல கம்பியை முறுக்கிக் கொடுத்தான். போல்ட் இருந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து வைத்தோம். வெயிலில் தெரியாதென்று என் கோட்டைப் போர்த்தி, உள்ளே தலையை விட்டேன். அவன் உதைத்தான். இருட்டில் குட்டியூண்டு நீலப் பொறி, டிக், டிக் என்று.

"வருதா?"

"வருது. இன்னொரு தடவை உதை." அவசியமே இல்லை. எனக்கு அதை மறுபடி பார்க்கவேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

பிளக்கை மாட்டினோம். ஆனால் எர்கேஷ் காலைத் தூக்கவில்லை. "கொஞ்சம் இருப்போமா அண்ணி?"

இருந்தோம். அந்தச் சத்தம் மறுபடி வந்தது, இந்தத் தடவை இரண்டு பக்கமிருந்தும். இரண்டும் எங்களுக்கு அடியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. நான் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

பிறகு ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

சைகால் வீட்டில் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஏரியில் கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொன்னோம். "இதுக்குப் போயா? எங்களுக்குத் தினமும் கேக்குறதுதானே!" என்று சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். அப்போது ஏரி நீளமாக முழங்கியது. அவள் கை அப்படியே நின்றது. முழக்கம் அடங்கிய பிறகுதான் மீதித் தேநீரை ஊற்றினாள்.